ஸ்ரீபெரும்புதூரில் புளிக்கும் கிம்ச்சி

கிம்ச்சி என்றதும் நம்மவர்கள் கண்ணுக்கு முதலில் படுவது மிளகாய்ச் சிவப்பு. சாப்பிட்டுவிட்டுப் பேசுவதும் காரத்தைப் பற்றித்தான். ஆனால் ஒரு கிம்ச்சி தேறுமா தேறாதா என்பது மிளகாய் கலப்பதற்குப் பல மணி நேரம் முன்பே உப்பில் முடிவாகிவிடுகிறது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வசிக்கும் கொரியர்களின் வீட்டுச் சமையலைப் பார்த்தும் சாப்பிட்டும் எனக்கு ஏற்பட்ட உறுதி இது. உணவகத்துக் கிம்ச்சிக்கும் வீட்டுக் கிம்ச்சிக்கும் நடுவில் இருக்கும் தூரம் அந்த உப்பின் தூரம்தான்.

கொரியர்கள் இந்தப் பக்கம் வந்த கதை எல்லோருக்கும் தெரிந்ததே. 1996 மே மாதம் ஹூண்டாய் இந்தியாவில் கம்பெனி தொடங்கியது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டை ஆலையிலிருந்து சான்ட்ரோ வெளியே வந்தது. பின்னாலேயே உதிரிபாகக் கம்பெனிகள் வந்தன. 2007-ல் சுங்குவார்சத்திரம் அருகே சாம்சங் வந்தது. பெங்களூர் நெடுஞ்சாலை ஓரத்தில் கொரிய எழுத்தில் பலகை வைத்த கெஸ்ட் ஹவுஸ்களும் மளிகைக் கடைகளும் முளைத்தன. கார் எத்தனை ஏற்றுமதியானது என்று ஆண்டுதோறும் செய்தி வருகிறது. அந்தக் கார்களோடு வந்த சமையலைப் பற்றித்தான் யாரும் போதுமான அளவு எழுதவில்லை.

உப்புக்கு வருகிறேன். நாபா என்கிற நீளக் கோஸை, நம் காய்கறிக் கடைக்காரர் சைனீஸ் கேபேஜ் என்று விற்பதை, நீளவாக்கில் இரண்டாகவோ நான்காகவோ பிளக்கிறார்கள். கத்தியை அடித்தண்டில் மட்டும் கொஞ்சம் இறக்கிவிட்டு, மேல் பகுதியைக் கையால் பிரிப்பது வழக்கம். முழுவதும் கத்தியால் வெட்டினால் நடு இலைகள் துண்டு துண்டாக உதிரும். பிறகு இலை இலையாக விரித்துக் கல் உப்பைத் தூவுகிறார்கள். தடித்த வெள்ளைத் தண்டுக்கு அதிகம், மெல்லிய பச்சை நுனிக்குக் குறைவு. அதன்பின் உப்புத் தண்ணீரில் ஊறவிட்டு, நடுவே புரட்டிப் போடுகிறார்கள். குளிர்காலக் கொரியாவில் ஓர் இரவு முழுக்க ஊறும். இங்கே, நம் வெயிலில், அதற்குள் இலை துவண்டு உப்புக்கரிப்பாகிவிடும். பாதி நேரம் போதும்.

எவ்வளவு நேரம் என்று கடிகாரம் சொல்லாது. கெஸ்ட் ஹவுஸ் ஒன்றில் சமைக்கும் நம்மூர் அக்கா ஒருவர் எனக்குக் காட்டிய சோதனை இதுதான்: "தண்டை வளைச்சுப் பாருங்க சார். ஒடிஞ்சா இன்னும் ஊறணும். ஒடியாம வளைஞ்சா எடுத்துடலாம்." கொரிய மாமியார்கள் மருமகளுக்குக் கற்றுத்தரும் அதே சோதனை, கை மாறி, மொழி மாறி, சுங்குவார்சத்திரத்துப் பெண்ணின் விரலில் வந்து உட்கார்ந்திருந்தது. அதன் பிறகு மூன்று தண்ணீர் மாற்றி அலசி, கவிழ்த்து வைத்து நன்றாக வடிய விட வேண்டும். வடிவதற்குப் பொறுமை இல்லாதவர்களின் கிம்ச்சி ஜாடிக்குள் நீர்த்துப் போகும். பெரும்பாலான உணவகங்களில் நேர்வது இதுதான் என்பது என் கருத்து.

உப்பின் ஜாதியும் முக்கியம். கொரியாவில் கடல்நீரை வெயிலில் காயவைத்து எடுத்த கல் உப்பை மூட்டையோடு ஆண்டுக்கணக்கில் வைத்து, அதிலுள்ள கசப்பு நீர் இறங்கிய பிறகே புழங்குவார்கள். பாக்கெட் தூள் உப்பை அவர்கள் இதற்குத் தொடுவதில்லை. இந்த ஒரு விஷயத்தில் ஊரைவிட்டு வந்த கவலையே அவர்களுக்கு இல்லை. தூத்துக்குடியும் மரக்காணமும் இருக்கிற மாநிலத்தில் நல்ல கல் உப்புக்கு என்ன பஞ்சம்?

மசாலா விழுது அடுத்து. பசையரிசி மாவில் காய்ச்சிய கஞ்சி, பூண்டு, இஞ்சி, வெங்காயத்தாள், சீவிய முள்ளங்கி, உப்பிலிட்ட சின்ன இறால், நெத்திலியைப் புளிக்கவைத்து இறக்கிய சாறு, விதை நீக்கிக் கொரகொரப்பாக இடித்த மிளகாய். இவற்றில் நமக்கு அன்னியமானது எது என்று யோசித்துப் பார்க்கிறேன். அவர்கள் உப்பிலிடும் சின்ன இறாலும், நாம் காயவைத்துத் துவையலாக அரைக்கும் சென்னாக்கூனியும் அசெட்டிஸ் என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. அவர்கள் ஈர உப்பில் போட்டார்கள், நாம் மணலில் காயவைத்தோம். மிளகாயும் இரண்டு நாட்டுக்கும் பிறகு வந்ததுதான். போர்த்துகீசியர் கப்பல் வழியாக நமக்கு வந்தது. கொரியாவில் 1614-ல் யி சு-குவாங் எழுதிய நூல் அது ஜப்பான் வழியாக வந்ததாகக் குறிப்பிடுகிறது. அதற்கு முன் கிம்ச்சி வெளுப்பாகத்தான் இருந்தது. இன்றும் சிவக்காத கிம்ச்சி வகைகள் உண்டு, அவற்றின் மென்மையே தனி.

நம் குண்டு மிளகாயைப் போட்டால் நிறம் வருமுன் காரம் உச்சிக்கு ஏறிவிடும். கொரிய மிளகாய்த் தூள் தீர்ந்துபோன நாட்களில் இங்குள்ளவர்கள் பியாடகி மிளகாயிடம் போகிறார்கள். கர்நாடகத்து ஹாவேரிப் பக்கத்து அந்த மிளகாய்க்கு நிறம் அதிகம், காரம் குறைவு. விதையை உதறி, மாவாக அரைக்காமல் இடித்துப் போட்டால் நிறம் ஏறக்குறையப் பொருந்துகிறது. கொரிய மிளகாயின் மெல்லிய இனிப்பு மட்டும் வராது. அந்த இடைவெளியைக் கொஞ்சம் பேரிக்காய் அரைத்து நிரப்புகிறார்கள்.

இனி, இந்த ஊரில் மட்டும் தெரியக்கூடிய திறமைக்கு வருகிறேன். கிம்ச்சி குளிருக்குப் பிறந்த உணவு. இலையுதிர்காலக் கடைசியில் ஊரே கூடி நூற்றுக்கணக்கான கோஸ்களை உப்பிட்டு, மண்ஜாடியில் அடைத்து, ஜாடியைக் கழுத்துவரை நிலத்தில் புதைப்பார்கள். கிம்ஜாங் எனப்படும் அந்தக் கூட்டு வேலையை யுனெஸ்கோ 2013-ல் தன் பட்டியலில் சேர்த்தது. நிலத்துக்கடியில் உறையாமலும் சூடாகாமலும், வாரக்கணக்கில் அது மெல்ல மெல்லப் பழுக்கும். 20 டிகிரியில் வைத்தால் இரண்டு மூன்று நாளில் புளித்துவிடும். நம் சித்திரை மாதத்து 35 டிகிரிக்கு ஒரு பகல்கூட அதிகம்.

வேகம் மட்டுமல்ல இங்கே சிக்கல். ஜாடிக்குள் முதலில் வேலையைத் தொடங்கும் நுண்ணுயிர் லூகோனாஸ்டாக் மெசென்டராய்டிஸ். நம் இட்லி மாவைப் பொங்க வைப்பதில் முதல் பங்கும் அதற்குத்தான். அடுத்த ஊரான காஞ்சிபுரத்தில் வரதராஜப் பெருமாளுக்கு மிளகும் சீரகமும் சுக்கும் சேர்த்து மூங்கில் குடலையில் வேகவைக்கும் கோயில் இட்லியின் மாவைப் புளிக்கவைப்பதும் அதே குடும்பத்து வேலை. இந்த உயிர் வெளிவிடும் கரியமில வாயுவால்தான் இட்லி உப்புகிறது. கிம்ச்சியை முதல் வாரத்தில் கடிக்கும்போது நாக்கில் சோடாபோல் சுறுசுறுவென்று ஏறுவதும் அதனால்தான். குளிர்ச்சியில் இது நின்று நிதானமாக வேலை செய்யும். வெப்பம் ஏறினால் வேறு வகைப் புளிப்பு நுண்ணுயிர்கள் முந்திக்கொண்டு, வெறும் புளிப்பு மிஞ்சும். சுறுசுறுப்பும் போய், இலையின் கருக்கும் போய்விடும்.

ஆகவே இங்குள்ள நல்ல கை, ஜாடியை வெளியில் வைப்பதை நாள் கணக்கில் செய்வதில்லை. மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்து, ஓரத்தில் முதல் குமிழிகள் தெரிந்ததும் குளிருக்குள் தள்ளிவிடுகிறது. மே மாதத்தில் மசாலா தடவிய உடனேயே உள்ளே போய்விடும். மார்கழியில் ஓர் இரவு வெளியே இருக்கலாம். இட்லி மாவைக் கரைத்து வைத்துவிட்டு, மழைநாளா வெயில்நாளா என்று பார்த்து நேரத்தைக் கூட்டிக் குறைக்கும் நம் வீட்டுப் பெண்களுக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை. அந்த அக்கா இவ்வளவு சீக்கிரம் கைதேர்ந்ததற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

கொரியர்கள் இதற்கென்றே தனி ஃபிரிட்ஜ் வைத்திருக்கிறார்கள். சாதாரண ஃபிரிட்ஜ் திறக்கத் திறக்கச் சூடேறும். கிம்ச்சி ஃபிரிட்ஜ் பூஜ்ஜியத்தை ஒட்டிய குளிரை அசையாமல் பிடித்துக்கொள்ளும், புதைத்த ஜாடியைப் போல. 1995-ல் திம்ச்சே என்ற பெயரில் அதைக் கொரியச் சந்தையில் பரவலாக்கியது மாண்டோ என்ற கார் உதிரிபாகக் கம்பெனி. காருக்கு ஏசி செய்த கை கிம்ச்சிக்குக் குளிர் செய்தது. கார் ஆலைகள் சூழ்ந்த இந்த ஊரில் அந்தப் பெட்டியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அதன் பூர்வீகம் நினைவுக்கு வந்து மகிழ்ச்சி தருகிறது.

ஜாங் வகைகளை, அதாவது சோயா விழுதையும் சோயாச் சாறையும், இங்கே யாரும் வீட்டில் போட்டு நான் பார்த்ததில்லை. வேகவைத்து இடித்த சோயாவைக் கட்டிகளாக்கி, வைக்கோலில் கட்டித் தொங்கவிட்டு, குளிர்ந்த உலர்காற்றில் வாரக்கணக்கில் பூஞ்சை ஏற்ற வேண்டும். நம் ஐப்பசி ஈரத்தில் வேண்டாத பூஞ்சை முந்திக்கொள்ளும். அதை ஊரிலிருந்து கொண்டு வருகிறார்கள். எதை விடாமல் செய்வது, எதைக் கைவிட்டு வாங்கிக்கொள்வது என்று பிரித்தறிவதும் புலம்பெயர்ந்த சமையலில் பாதித் தேர்ச்சி.

தட்பவெப்பம்தான் பாதுகாக்கும் வழியை முடிவு செய்கிறது என்பதற்கு உலகின் மறுகோடியில் ஐஸ்லாந்து சாட்சி. சுற்றிலும் கடல் இருந்தும் அங்கே உப்பு அரிது. கடல்நீரைக் காய்ச்ச விறகில்லை, உலர்த்த வெயிலில்லை. அதனால் ஸ்கிர் என்ற தயிர்வகையைச் செய்யும்போது வடியும் புளித்த மோர்நீரிலேயே இறைச்சியை ஊறப்போட்டுக் குளிர்காலத்துக்கு வைத்தார்கள். மீனை உப்பில்லாமல் கடற்காற்றில் கல்லாகக் காயவைத்து, வெண்ணெய் தடவித் தின்றார்கள். உப்பும் வெயிலும் சேர்ந்து கிடைத்த நமக்குக் கருவாடு. உப்பும் குளிரும் சேர்ந்து கிடைத்த கொரியர்களுக்குக் கிம்ச்சி.

ஸ்ரீபெரும்புதூருக்கு இன்னொரு பொருத்தமும் உண்டு. ராமானுஜர் 1017-ல் பிறந்த ஊர் இது. ஆதிகேசவப் பெருமாள் கோயில் மடப்பள்ளியில் வெங்காயத்துக்கும் பூண்டுக்கும் இடமில்லை. கொரியப் பௌத்த மடங்களிலும் அதே கட்டுப்பாடுதான். பூண்டு, வெங்காய வகைகள், இறால், மீன்சாறு எதுவுமில்லாமல் அவர்கள் போடும் மடத்துக் கிம்ச்சியில் இஞ்சியும் உப்பும் காயின் சொந்த மணமும் மட்டுமே நிற்கும். சைவம் சாப்பிடுகிறவர்கள், கிம்ச்சி நமக்கில்லை என்று ஒதுங்க வேண்டாம். அந்த வகை முழுமையான கிம்ச்சி, குறைபட்ட நகல் அல்ல.

அளவுக்கு மீறிப் புளித்ததை அவர்கள் கொட்டுவதில்லை என்பது எனக்கு மிகவும் பிடித்த குணம். பச்சையாகச் சாப்பிட முடியாத அளவு முற்றிய கிம்ச்சிதான் ஜிகே என்கிற கொதிகுழம்புக்கு உகந்தது. முதலில் எண்ணெயில் வதக்கி, பன்றிக்கறியோ டோஃபுவோ சேர்த்து, தலையும் குடலும் கிள்ளிய நெத்திலிக் கருவாட்டை வேகவைத்து வடித்த தண்ணீரை ஊற்றிக் கொதிக்கவிடுவார்கள். குடலைக் கிள்ளாவிட்டால் கசக்கும் என்று அவர்கள் எச்சரிப்பார்கள். காசிமேட்டில் யாரைக் கேட்டாலும் அதையே சொல்வார்கள். புதுக் கிம்ச்சியில் செய்த ஜிகே சப்பென்றிருக்கும். நம் வெயிலில் ஜாடி சீக்கிரம் முற்றிவிடுவதால், இங்குள்ள வீடுகளில் அருமையான ஜிகே அடிக்கடி கிடைக்கிறது.

ருசித்துப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: கோஸில் தொடங்காதீர்கள், முள்ளங்கியில் தொடங்குங்கள். கக்டுகி என்ற முள்ளங்கிக் கிம்ச்சிக்கு மார்கழி, தை மாதத்து முள்ளங்கிதான் சரி. கோடையில் வருவது காரலடிக்கும். ஒரு கிலோவை அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைந்த சதுரங்களாக நறுக்கி, 25 கிராம் கல் உப்பும் கொஞ்சம் சர்க்கரையும் போட்டுப் பிசிறி, ஒரு மணி நேரத்தில் வடித்துவிடுங்கள். விதை நீக்கி இடித்த பியாடகி, பூண்டு, இஞ்சி, விரும்பினால் வறுத்துப் பொடித்த சென்னாக்கூனி சேர்த்துப் பிசைந்து, கண்ணாடி ஜாடியில் அழுத்தி அடையுங்கள். மேலே வாயுவுக்கு இடம் விடுங்கள். ஓர் இரவு வெளியே, பிறகு ஃபிரிட்ஜில். ஒரு வாரம் கழித்துச் சுடுசோற்றோடு சாப்பிடுங்கள்.