நள்ளிரவைத் தாண்டும் கணக்கு

கனகம்மாசத்திரத்தில் எங்கள் வீட்டுத் திண்ணை விளக்கு இரவு 10 முதல் காலை 5 வரை எரிய வேண்டும். ‘10-க்குப் பிறகு, 5-க்கு முன்’ என்று பைத்தான் நிரலில் எழுதினால் விளக்கு எரியவே எரியாது. இரண்டுக்கும் ஒருசேரப் பொருந்தும் நேரம் கடிகாரத்தில் இல்லை.

நள்ளிரவிலிருந்து நிமிடங்களாக எண்ணுங்கள். இரவு 10 மணி 1320, காலை 5 மணி 300. 300-இல் 1320 போனால் மைனஸ் 1020. அதை ஒரு நாளின் நிமிடங்களான 1440-ஆல் வகுத்து % குறியால் மீதி கேட்டால் பைத்தான் 420 என்கிறது. சரியாக 7 மணி நேரம்! இப்போதைய நேரத்திலிருந்தும் 1320-ஐக் கழித்து இதேபோல் மீதி எடுத்து, அது 420-க்குக் குறைவாக இருந்தால் விளக்கை எரியவிடலாம். நாள் மாறியதையும் சேர்த்துக் கணக்கிடும் அந்த ஒற்றைச் சதவீதக் குறி எனக்கு அவ்வளவு பிடிக்கும். சி மொழியில் மீதி மைனஸாகவே வரும். அங்கே 1440-ஐக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

நம் பாட்டன்மார் கணக்கில் நாளுக்கு 60 நாழிகை, நாழிகைக்கு 24 நிமிடம். பெருக்கிப் பாருங்கள், அதே 1440.