ஒரு பொறியில் மண்ணின் சத்து

கச்சிராயபாளையத்தில் கோமுகி அணைத் தண்ணீர் பாயும் வயலில் மண் மாதிரி எடுப்பதே ஒரு கைவேலை. மேல் சருகை ஒதுக்கி, மண்வெட்டியால் ‘வி’ வடிவில் வெட்டி, குழியின் ஓரத்தை மேலிருந்து கீழாகச் சீராகச் சுரண்டுவார்கள். நிழலில் உலர்த்தி, வட்டமாகப் பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிர் பாகங்களைத் தள்ளித் தள்ளி அரைக் கிலோவாக்குவார்கள். அப்புறம் ஆய்வகம், கரைசல், காத்திருப்பு.

லேசர் நிறமாலைக் கருவி அந்தக் காத்திருப்பைச் சுருக்குகிறது. வில்லையாக அழுத்திய மண்மீது நொடியில் நூறு கோடியில் சில பங்கே நீளும் லேசர் துடிப்பு பாய்கிறது. பட்ட இடம் 10,000 டிகிரியையும் தாண்டிப் பொறியாகிறது. அந்த ஒளியைப் பிரித்தால் சாம்பல்சத்து 766 நானோமீட்டரில் அடர்சிவப்புக் கோடாக நிற்கும். கால்சியம் 393-ல் ஊதாவாக. உரத்தையும் இப்படியே சோதிக்கலாம். இதைவிட அழகான சோதனை எனக்குத் தெரியாது. தழைச்சத்து மட்டும் சிரமம், காற்றிலுள்ள நைட்ரஜனும் கூடவே ஒளிரும்.

2023 ஆகஸ்டில் சந்திரயான்-3 வழியே நிலவின் தென்துருவப் பகுதியில் கந்தகத்தைக் கண்டதும் இதே நுட்பம்தான். அந்தத் திட்டத்தின் இயக்குநர் ப. வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர், 2019 வரை கச்சிராயபாளையமும் அந்த மாவட்டம்தான். இங்குள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலையில் இப்படியொரு கருவி இருந்தால், கரும்பு பதிவுக்கு வரும் விவசாயி மண்ணையும் கையோடு கொண்டுவரலாம்.