கூரையில் ஜெனரேட்டர், பேஸ்மென்ட்டில் பம்ப்

மருத்துவமனைகள் பசுமைச் சான்றிதழ் வாங்குவது இப்போது பெருவழக்காகிவிட்டது. கூரையில் சூரியத் தகடுகள், எல்.இ.டி. விளக்குகள், மழைநீர் சேகரிப்பு, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு எல்லாம் சரியாக இருந்தால் பிளாட்டினம் தரம் கிடைக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, காலநிலை மாற்றத்துக்குத் தயாராகிவிட்டோம் என்று நிர்வாகம் அறிவிக்கிறது. உலகின் கரிம உமிழ்வில் மருத்துவத் துறையின் பங்கு 4 சதவீதத்துக்கும் மேல் என்று மதிப்பிடுகிறார்கள். அதைக் குறைக்கத்தான் வேண்டும். மின்கட்டணம் குறைவதும் நல்லதே. ஆனால் உமிழ்வைக் குறைப்பது ஒரு கடமை, வெள்ளத்திலும் வெப்ப அலையிலும் நோயாளியின் உயிரைக் காப்பது வேறொரு கடமை. முதலாவதில் வாங்கிய மதிப்பெண்ணை இரண்டாவதன் கணக்கிலும் எழுதிக்கொள்வதை ஏற்க முடியாது.

மருத்துவமனைகள் எங்கே தோற்றன என்று பார்த்தால் இது விளங்கும். 2012 அக்டோபரில் சாண்டி புயல் நியூயார்க்கைத் தாக்கியபோது பெல்வியூ மருத்துவமனையின் ஜெனரேட்டர்கள் 13ஆம் மாடியில் பத்திரமாக இருந்தன. அவற்றுக்கு டீசல் ஏற்றும் பம்புகள் பேஸ்மென்ட்டில் இருந்தன; தண்ணீர் அவற்றை மூழ்கடித்தது. ஊழியர்களும் தேசியக் காவல் படையினரும் படிக்கட்டில் வரிசையாக நின்று டீசலைக் கைமாற்றி 13 மாடி ஏற்றினார்கள். அருகிலிருந்த என்.ஒய்.யு. லாங்கோன் மருத்துவமனையிலும் காப்பு மின்சாரம் நின்றுபோக, 300க்கும் மேற்பட்ட நோயாளிகளை இரவோடிரவாக வெளியேற்றினார்கள். பச்சிளங்குழந்தைகளுக்குச் செவிலியர்கள் கையால் பையை அழுத்திச் சுவாசம் கொடுத்தபடியே படியிறங்கினார்கள். 2015 டிசம்பரில் சென்னையில், அடையாற்றை ஒட்டிய மணப்பாக்கத்துத் தனியார் மருத்துவமனை ஒன்றின் ஜெனரேட்டர் அறைக்குள் வெள்ளம் புகுந்தது. அங்கே 18 நோயாளிகள் இறந்ததாகச் செய்திகள் வந்தன. ஒவ்வொரு மரணத்துக்கும் மின்தடைதான் காரணமா என்பதில் வாதங்கள் உண்டு. ஜெனரேட்டர் அறை வெள்ள மட்டத்துக்குக் கீழே இருந்ததற்கு எந்த வாதமும் சமாதானம் ஆகாது. 2022 ஜூலையில் லண்டன் வெப்பம் 40 டிகிரியைத் தொட்டபோது, கைஸ் – செயின்ட் தாமஸ் மருத்துவமனைகளின் கணினித் தரவு மையங்களில் குளிரூட்டல் செயலிழந்தது. மருத்துவர்கள் காகிதத்துக்குத் திரும்பினார்கள்; எல்லாம் சீராக வாரக்கணக்கில் ஆனது. இவற்றில் எந்தப் பழுதையும் பசுமை மதிப்பெண் முன்கூட்டிக் காட்டியிருக்காது.

சூரிய மின்சாரமே காப்புதானே என்பார்கள். பேட்டரி இருந்தால் அது உண்மை. சிறிய ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு அது பெரிய வரம். ஆனால் மின்வாரிய இணைப்போடு மட்டும் சேர்ந்து ஓடும் சாதாரண இன்வெர்ட்டர், வெளி மின்சாரம் நின்றதும் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் பணியாளருக்கு ஷாக் அடிக்காமலிருக்க அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். கட்டணத்தை மிச்சப்படுத்த வைத்த தகடுகள், வெள்ள இரவில் வென்டிலேட்டரை ஓட்டப்போவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டி இரண்டு கடமைகளையும் சேர்த்தே பேசுகிறதே என்றும் கேட்கிறார்கள். சேர்த்துப் பேசுகிறது, ஒன்றை மற்றதற்கு ஈடாக வைக்கச் சொல்லவில்லை.

பழைய கட்டடத்தில் பம்பையும் மின்பலகையையும் மேலே கொண்டுபோக ஏகப்பட்ட பணம் வேண்டும் என்பதுதான் கனமான ஆட்சேபம். ஆனால் அந்தச் செலவுக்குப் பலன் உண்டு. 2001இல் அல்லிசன் புயல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரிலுள்ள டெக்சாஸ் மருத்துவ மையத்தைப் பேஸ்மென்ட் வழியாகவே முடக்கியது. அதன்பின் அங்கே வெள்ளத் தடுப்புக் கதவுகள் அமைத்தார்கள், மின்சாதனங்களை உயரத்துக்கு மாற்றினார்கள். 2017இல் ஹார்வி புயல் வந்தபோது அங்குள்ள பெரும்பாலான மருத்துவமனைகள் இயங்கிக்கொண்டிருந்தன. முகப்பை அழகுபடுத்தவும் தரச்சான்று வாங்கவும் பணம் இருக்கும் இடத்தில் இதற்கு மட்டும் இல்லை என்பதை நான் நம்பவில்லை. தர மதிப்பீட்டாளர் கூரைக்கு ஏறுமுன் பேஸ்மென்ட்டுக்கு இறங்கட்டும். டீசல் பம்ப், மின்பலகை, ஆக்சிஜன் விநியோகம் ஒவ்வொன்றும் அந்த ஊர் கண்ட உச்ச வெள்ள மட்டத்துக்கு எத்தனை அடி மேலே அல்லது கீழே இருக்கிறது என்று அளந்து எழுதட்டும். அந்த அளவு இல்லாத சான்றிதழைத் தயார்நிலைச் சான்றாக அரசு ஏற்கக் கூடாது.