இரசிகனும் இசையரங்கும்: வீணை தனம்மாளின் வெள்ளிக்கிழமை மாலைகள் பற்றிய ஒரு நோக்கு

தென்னக இசையின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் இசைவாணரையும் அவர்தம் உருப்படிகளையும் பற்றியே எழுதியுள்ளனர். கேட்போனாகிய இரசிகன் அவ்வரலாற்றில் இடம்பெறுவது அரிது. இடம்பெறும்போதும் அவன் சமூகத்துக்கு அப்பாற்பட்ட நுண்ணுணர்வின் வடிவமாகவே காட்டப்படுகிறான். கேள்வி ஞானம் பிறவிப்பேறாகக் கொள்ளப்படுகிறது. இக்கருத்து ஆராயப்படல் வேண்டும். புலன்கள் இயற்கை தந்தபடியே நிற்பனவல்ல, சமூக வாழ்விற் பண்படுவன என்பதை மார்க்ஸ் 1844ஆம் ஆண்டுக் கையெழுத்துப் படிகளில் விளக்கினார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட சான்றுகளில் ஒன்று இசை கேட்கும் செவியாகும். எனவே இரசிகனின் செவிக்கும் ஒரு வரலாறு உண்டு எனக் கொண்டு, சிறு அரங்கு ஒன்றினை இங்கு நோக்குவோம்.

வீணை தனம்மாள் (1867–1938) சென்னை ஜோர்ஜ் ரவுனிலிருந்த தமது இல்லத்தில் வெள்ளிக்கிழமை மாலைதோறும் நிகழ்த்திய இசையரங்கு, கர்நாடக இசையுலகில் ஏறத்தாழ ஓர் ஐதீகமாகவே நிலைத்துவிட்டது. சிறு கூட்டம், நுழைவுச்சீட்டு இல்லை, ஒலிபெருக்கி இல்லை, மிருதங்கமும் இல்லை. அவர் தாமே மெல்லப் பாடியவாறு வீணையை மீட்டுவார். பதங்களும் ஜாவளிகளும் தீட்சிதர் கீர்த்தனைகளும் அவரிடம் சிறந்து விளங்கின. சிறு ஓசை எழினும் அவர் வாசிப்பை நிறுத்திவிடுவார் என்பதை இரசிகர்கள் பெருமையோடு நினைவுகூர்ந்துள்ளனர். இசைவாணர் பலரும் அங்கு மாணாக்கரைப்போல வந்தமர்ந்தனர்.

இந்நினைவுகளில் மீண்டும் மீண்டும் காணப்படும் சொற்கள் தெய்விகம், தூய்மை, தவம் என்பனவாகும். ஆயின் அவ்வறை வானத்திலிருந்து இறங்கியதன்று. தனம்மாளின் குடும்பம் தஞ்சை அரசவையோடு தொடர்புடைய தேவதாசி மரபினது. 1855இல் தஞ்சை அரசமரபு வாரிசின்றி முடிவுற, அவ்வரசை ஆங்கிலேயர் இணைத்துக்கொண்டதன் பின்னர், அங்குத் தழைத்திருந்த கலைஞரிற் பலர் சென்னையை நாடினர். நிலமானிய ஆதரவு தளர்ந்தபோது, குடியேற்ற ஆட்சியின் வணிகத்தால் வளம்பெற்ற வர்த்தகர்களும் துபாஷிகளும் புதிய புரவலராயினர். அவர்களைத் தொடர்ந்து ஆங்கிலக் கல்வி பெற்ற சட்டத்தரணிகளும் உத்தியோகத்தரும் கலையின் நடுவர்களாக எழுந்தனர். தனம்மாளின் ஆயுட்காலம் இம்மாற்றத்தின் பெரும்பகுதியைத் தழுவியது. வெள்ளிக்கிழமை மாலை என்பது, அரசவை மறைந்து சபா முற்றாக வேரூன்றாத இடைக்காலத்தின் அரங்கு எனலாம்.

நுழைவுச்சீட்டு இல்லாமையை இரசிகர்கள் கலையின் புனிதத்துக்குச் சான்றாகக் கொண்டனர். இங்குதான் அவர்தம் நினைவு ஒன்றை மறைக்கின்றது. தன் பாட்டைத் தானே விற்கும் பாடகியையும், முதலாளி ஒருவனால் அமர்த்தப்பட்டு அவனுக்கு இலாபம் ஈட்டித்தரும் பாடகியையும் மார்க்ஸ் வேறுபடுத்திக் காட்டினார். பாட்டு ஒன்றேயாயினும் உற்பத்தி உறவு வேறு என்பதே அவர் கூற்றின் சாரம். தனம்மாளின் அரங்கு இவ்விரண்டிலும் முற்றாக அடங்காது. அது புரவலர் உறவின் எச்சம். அங்கு விலை கூறப்படவில்லை. ஆனால் பொருளாதாரம் இல்லாமற் போகவுமில்லை. அவரது பிற்காலம் பொருள்வளம் குன்றியதாகவே இருந்தது. விலை கூறப்படாத இடத்தில் உழைப்பும் கண்ணுக்குப் புலப்படாது. வீணையை மீட்டிய விரல்களின் நீண்டகாலப் பயிற்சி 'அருள்' எனப் பெயர்பெற்றது. அந்த அருளுக்குச் செவிசாய்த்தோர் அவர்தம் குடும்பத்தின் வாழ்வாதாரத்தைப் பற்றிப் பேசவேண்டிய தேவை எழவில்லை.

இதனைக் கொண்டு அவ்வரங்கினை 'நிலமானிய எச்சம்' என ஒதுக்கிவிடுவது எளிது. நம்மிடையே சிலர் அவ்வாறு செய்வதுமுண்டு. அது பொறிமுறை வாதமேயன்றி இயங்கியல் நோக்கன்று. எதை வாசிப்பது, எவ்வளவு நேரம் வாசிப்பது, எத்தகைய மௌனத்தில் வாசிப்பது என்பவற்றைத் தீர்மானிக்கும் உரிமை அவ்வறையில் அவருக்கு இருந்தது. சமூகத்தாற் கீழாக நோக்கப்பட்ட மரபிற் பிறந்த பெண்ணொருவர், கல்வியாலும் சாதியாலும் தம்மை உயர்ந்தோராகக் கருதிய ஆடவரை அசையாது அமரச் செய்தார் என்பது சிறிய விடயமன்று. இரசிகர்கள் 'தவம்' என்று வருணித்த அம்மௌனத்தை, தன் தொழிலின் நிலைமைகளைத் தானே வகுக்கும் கலைஞரின் ஆணையாகவும் நாம் வாசிக்கலாம்.

சபா இவ்வுரிமையை மாற்றியது. 1927ஆம் ஆண்டு சென்னையிற் கூடிய காங்கிரஸ் மகாநாட்டோடு இணைந்து நடந்த இசை மகாநாட்டின் விளைவாக, 1928இல் சென்னை சங்கீத வித்துவத்சபை நிறுவப்பட்டது. சீட்டு வாங்கியோர் எவரும் நுழையலாம் என்ற வகையில் சபா, புரவலரின் கூடத்தைவிட முற்போக்கானதே. ஒலிபெருக்கியும் வானொலியும் இசையை மேலும் பரப்பின. ஆனால் அரங்கின் நேரம், நிரல், தகுதி ஆகியவற்றைத் தீர்மானிக்கும் அதிகாரம் கலைஞரிடமிருந்து செயற்குழுவினரிடம் சென்றது. அக்குழுவினர் எவ்வகுப்பினர், எச்சாதியினர் என்பது மறைபொருளன்று. தேவதாசி முறையைத் தடைசெய்த சென்னைச் சட்டம் 1947இல் நிறைவேறியது. சுரண்டல் நிறைந்த அம்முறை ஒழிந்தமை வரவேற்கத்தக்கதே. ஆயின் அச்சீர்திருத்தக் காலத்தில், அம்மரபினரின் கலை நடுத்தர வர்க்கத்தின் பண்பாட்டுச் சொத்தாக மாற, அதனைப் பேணிய பெண்களிற் பலர் அரங்கிலிருந்து விலகவேண்டியதாயிற்று. வித்துவத்சபையின் சங்கீத கலாநிதி விருது முதன்முறையாக ஒரு பெண்ணுக்கு, எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு, 1968இலேயே வழங்கப்பட்டது. தனம்மாளின் பேர்த்தியரான பாலசரஸ்வதி 1973இலும் பிருந்தா 1976இலும் அவ்விருதினைப் பெற்றனர். தனம்மாள் மறைந்து அப்போது முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது.

இவ்வினாக்கள் நமக்கும் அந்நியமானவையல்ல. யாழ்ப்பாணத்துக் கோயில் வீதிகளில் நாதஸ்வர தவில் கச்சேரியைச் சூழ்ந்து விடியும்வரை நின்று கேட்ட இரசிகர்கூட்டம், தனம்மாளின் அறைக்கு நேரெதிரான அரங்காகத் தோன்றலாம். திறந்த வெளி, பெருந்திரள், உரத்த வாத்தியம். ஆயினும் தவிற்காரரின் கைக்கு மிக அண்மையில் நின்று, ஒவ்வொரு சொற்கட்டையும் விரலால் எண்ணிய இரசிகனுக்கு அதுவும் நெருக்கமான அரங்கே. தவில்மேதை தட்சிணாமூர்த்தியின் (1933–1975) புகழ் இத்தகைய செவிகளாலும் வளர்ந்ததாகும். ஆனால் கலைஞரைப் போற்றிய அதே சமூகம் அவரது சாதியை மறக்கவில்லை. ஒடுக்கப்பட்ட மக்கள் 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் நுழையப் போராட வேண்டியிருந்தது. கோயிலின் உள்ளே ஒலித்த இசையைச் சிலர் அருகிருந்தும் சிலர் மதிலுக்கு வெளியே நின்றும் கேட்கவேண்டியிருந்த நாட்டில், இரசனை சாதிக்கு அப்பாற்பட்டது என்று எவ்வாறு கூறுவது?

அண்மைக்காலத்தில் ஒலிபெருக்கியின்றி, சிலரே அமர்ந்து கேட்கும் சிற்றரங்குகள் மீண்டும் விரும்பப்படுகின்றன. பெருமண்டப இரைச்சலிற் சலித்த இரசிகனின் வேட்கை நியாயமானது. வீணையின் கமகம் முழுமையாகச் செவிக்கு எட்ட அண்மை வேண்டும். இது வெறும் மேட்டிமை உணர்வன்று. இசைத்தட்டின் ஒரு பக்கத்துக்குரிய சுமார் மூன்று நிமிடத்தில் அடங்கிய தனம்மாளின் ஒலிப்பதிவுகளைக் கேட்போர், எதனை இழந்தோம் என்பதை ஓரளவேனும் உணர்வர். ஆனால் அண்மையை விரும்பும் இரசிகன், அவ்வறைக்குள் தான் எவ்வாறு வந்து சேர்ந்தான் என்பதையும் வினவுதல் வேண்டும். அழைக்கப்பட்டோர் எவர்? கலைஞரின் வாழ்வுக்குப் பொறுப்பு யாருடையது? மௌனத்தை விதிப்பவர் கலைஞரா, புரவலரா?

இவ்வினாக்களை எழுப்புவதால் இசையின் இன்பம் குறைந்துவிடும் என அஞ்சவேண்டியதில்லை. செவி பழகினாலன்றிக் கமகத்தின் நுட்பம் புலப்படாது. அப்பழக்கத்துக்கு ஓய்வும் வாய்ப்பும் அண்மையும் வேண்டும். இவை இதுவரை சிலருக்கே கிடைத்துவந்தன. அவற்றைப் பாடசாலைகளிலும் கிராமத்து வாசிகசாலைகளிலும் தொழிலாளர் வதியும் இடங்களிலும், கலைஞருக்கு உரிய ஊதியத்தோடும் அவர் வகுக்கும் நிலைமைகளோடும், பலருக்கும் கிடைக்கச் செய்வது முற்போக்காளரின் கடமைகளுள் ஒன்றாகும். தனம்மாளின் வெள்ளிக்கிழமை மாலைகளைப் புனிதக் கதையாக மீண்டும் மீண்டும் கூறுவதிலும் பார்க்க, அவர் தம் இரசிகரிடம் கோரிய கவனத்தை எல்லோருக்கும் உரியதாக்க முயல்வதே அவருக்கு நாம் செலுத்தக்கூடிய மரியாதையாகும்.