இலவச மடிக்கணினியும் இரட்டை இயங்குதளமும்

2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோசும், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்சும் ஒரே வன்தட்டில் தரப்பட்டன. நல்ல எண்ணம்தான். ஆனால் தட்டை ஏன் பிரித்தோம் என்று மாணவருக்குப் புரியவைக்காதது பெருங்குறை. விண்டோசுக்கு லினக்சின் எக்ஸ்ட்4 பகிர்வைப் படிக்கத் தெரியாது. டிரைவ் எழுத்தில்லாத வெறும் கட்டமாகத்தான் காட்டும். இடம் கூடுமே என்று அதை அழித்தால், துவக்க நிரலான கிரப் தன் கோப்புகளை இழந்து 'கிரப் ரெஸ்க்யூ' என்று நின்றுவிடும். விண்டோசும் திறக்காது. போளூரில் நான் பார்த்த பிள்ளைகள் சிலர் உடனே கடைக்கு ஓடி, முழுத்தட்டையும் பார்மட் செய்து, பாடக்குறிப்புகளைப் பறிகொடுத்தார்கள். கோப்புகள் அதுவரை பத்திரமாகவே இருந்தன! விண்டோஸ் நிறுவல் வட்டால் துவக்கப் பதிவை மட்டும் சரிசெய்திருந்தால் போதும். சில நிமிட வேலை.