மூல ஓசை எது?

தேவதானத்தில் ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து அமர்ந்திருந்தேன். முன்னர் என்னிடம் மக்தபில் ஓதி இப்போது கணினித் தொழிலில் இருக்கும் மாணவர் ஒருவர், காதில் பொருத்தும் கருவியை நீட்டி, “ஹஜ்ரத், இதில் என்ன ஓதுகிறார்கள் என்று கேட்டுச் சொல்லுங்கள்” என்றார். கேட்டேன். அடித்தொண்டையில் எழும் முழக்கம் போன்ற ஓர் இசை. அதன் மீது தூரத்திலிருந்து வருவது போல் ஓர் அரபுக் குரல் எழுந்து, அமிழ்ந்து, மறுபடியும் எழுந்தது. பிஸ்மியும் தக்பீரும் செவிக்குப் பிடிபட்டன. எந்தப் பள்ளிவாசலில் பதிவு செய்தது என்று கேட்டேன். “பள்ளிவாசலில் இல்லை ஹஜ்ரத், ஒரு விளையாட்டில்” என்றார்.

அவ்விளையாட்டு ஜப்பானிய நிறுவனமான நின்டெண்டோ 1998 நவம்பரில் வெளியிட்ட ‘தி லெஜண்ட் ஆஃப் செல்டா: ஓகரினா ஆஃப் டைம்’. இசையமைத்தவர் கோஜி கோண்டோ. கதையின் நாயகன் எரிமலையின் வயிற்றுக்குள் இருக்கும் தீக்கோயில் ஒன்றினுள் நுழைகிறான். நாகம் ஒன்றுக்கு இரையாக அடைத்து வைக்கப்பட்டவர்களை மீட்க வேண்டும். அந்த இடத்திற்குரிய இசையில்தான் இந்த ஓதல் கலந்திருந்தது. பிந்திய பதிப்பில் ஓதலை நீக்கிவிட்டுக் கருவியால் ஆக்கிய கூட்டுக்குரல் ஒன்றை வைத்தனர். அதனை விரும்பாத ஆர்வலர்கள் பழைய பதிப்பின் ஒலியை எடுத்துப் புதிய பதிப்பில் பொருத்தி, ‘மூல இசையை மீட்டோம்’ என்கின்றனர். 2021இல் இவ்விளையாட்டின் நிரல் முழுவதும் ஆர்வலர் குழுவொன்றால் மறுவாக்கம் செய்யப்பட்டுவிட்டதால், இத்தகைய மாற்றங்கள் முன்னினும் எளிதாகிவிட்டன.

விளையாட்டைப் பற்றி நமக்கென்ன என்று வாசகர் சிலர் எண்ணக்கூடும். இதில் நம்மைத் தொட்ட பழி ஒன்று இருக்கிறது. முஸ்லிம்கள் கூச்சலிட்டார்கள், அதனால் நிறுவனம் அஞ்சி இசையை மாற்றிற்று என்ற கதை பல ஆண்டுகளாக உலகெங்கும் சொல்லப்பட்டு வந்தது. அழகிய இசையொன்றை அழித்த கூட்டம் என்று இந்த விளையாட்டை நேசித்தவர்கள் நம்மை நினைத்தார்கள். அந்தக் கதை பொய் என்பதை நிறுவியவர்கள் நம்மவர் அல்லர். இந்த மீட்பு வேலையில் ஈடுபட்டவர்களே.

அது எவ்வாறு என்பதைச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் ஏடு பார்த்துப் பழகிய எவருக்கும் அது இன்பம் தரும் செய்தி. சுவடியின் இறுதியில் எழுதி முடித்த நாளும் எழுதியவர் பெயரும் குறிக்கப்பட்டிருப்பது போல, இவ்விளையாட்டின் ஒவ்வொரு கார்ட்ரிட்ஜின் உள்ளும் அது தொகுத்து முடிக்கப்பட்ட நாள் பதிந்து கிடக்கிறது. அமெரிக்காவுக்கு வந்தவற்றில் மூன்று பதிப்புகள் உண்டு. முதலாவது 1998 அக்டோபர் 21இலும், இரண்டாவது அக்டோபர் 26இலும், மூன்றாவது நவம்பர் 12இலும் முடிக்கப்பட்டவை. ஓதல் நீங்கியது மூன்றாவதில். விளையாட்டு ஜப்பானில் விற்பனைக்கு வந்ததோ நவம்பர் 21இல், அமெரிக்காவில் 23இல். எவரும் விலை கொடுத்து வாங்கிக் காதால் கேட்பதற்கு ஒன்பது நாள் முன்னரே ஓதல் எடுக்கப்பட்டாயிற்று! கேட்காத ஒன்றை எதிர்த்துக் கூச்சலிட்டவர் யார்? சமயச் சார்பான பொருள் தம் விளையாட்டுகளில் கூடாது என்பது அந்நிறுவனம் தானே வகுத்துக்கொண்ட நெறி. அந்நெறிப்படி தானே திருத்திக்கொண்டது. 1842இல் சீறாப்புராணத்தை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொணர்ந்த புலவர் நாயகத்தின் மரபில் வந்த நாம், நம் மீது விழுந்த பழியை நீக்கப் பதிப்புகளை ஒப்பிட்டுப் பார்க்கும் இந்தச் சிறு முயற்சியைக்கூட மேற்கொள்ளவில்லை. இதனை நான் வெட்கத்துடனேயே எழுதுகிறேன்.

ஆகவே அவ்விளைஞர்களுக்கு நன்றி சொல்லும் கடமை எனக்குண்டு. ஆயினும் ‘மூலம்’ என்று அவர்கள் சொல்லும்போது நான் உடன்படத் தயங்குகிறேன்.

இரண்டு இசைகளையும் அடுத்தடுத்துக் கேட்டேன். கலை என்ற அளவில் பழையதே மேலானது. மாற்றி வைத்த கூட்டுக்குரலில் உயிர் இல்லை. ஆனால் பழையதன் உயிர் எங்கிருந்து வந்தது? இசையமைப்போருக்கென விற்கப்படும் ஒலித்துணுக்குத் தட்டு ஒன்றிலிருந்து. யாரோ ஒரு முஸ்லிம் எங்கோ ஓதியதைத் துணுக்குகளாக நறுக்கி விற்றார்கள். அதனை வாங்கியவர் எரிமலைக்குள் அச்சமூட்டும் சூழல் வேண்டி அதைப் பதித்தார். வக்ஃபின் இலக்கணத்தை மக்தபில் ஏழு வயதுப் பிள்ளைக்கே கற்பிக்கிறோம்: எங்கே நிறுத்தினால் பொருள் கெடும், எங்கே நிறுத்தலாம், எங்கே நிறுத்தியே ஆக வேண்டும் என்று. இங்கோ நிறுத்தத்தைத் தீர்மானித்தது கத்தரி. அளவற்ற அருளாளனின் பெயரால் தொடங்கும் சொற்கள், கேட்பவன் மருளுவதற்கான பின்னணி ஓசையாகின்றன. மனத்தில் தீங்கு எண்ணி இதைச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. சொல்லின் பொருள் தெரியாமல் ஓசையை மட்டும் எடுத்தார்கள். பொருள் தெரியாதவனுக்கு வழிபாடும் வனாந்தரத்து ஓலமும் ஒன்றாகவே கேட்கும்.

எனவே அந்த கார்ட்ரிட்ஜில் இருப்பது விளையாட்டின் மூலமேயன்றி ஓசையின் மூலமன்று. ஓதியவர் யார், யாரிடம் ஓதக் கற்றார் என்ற ஸனது அறுந்த ஓசை அது.

இதனோடு ஒப்பிடத்தக்க மற்றொன்றும் உண்டு. அங்கே என் தீர்ப்பு அத்தனை எளிதாக அமையவில்லை. 2008 அக்டோபரில் சோனி நிறுவனம் ‘லிட்டில் பிக் பிளானட்’ என்ற விளையாட்டை வெளியிட இருந்த வேளையில், அதில் வரும் பாட்டொன்றில் திருமறை வசனங்கள் இருப்பதாக முஸ்லிம் ஒருவர் சுட்டிக்காட்டினார். வெளியீடு தள்ளிவைக்கப்பட்டது; கடைகளுக்குப் போன தட்டுகள் திரும்பப் பெறப்பட்டன; குரலை நீக்கி வாத்திய இசையை மட்டும் வைத்தார்கள். அந்தப் பாட்டு மாலி நாட்டுக் கோரா யாழ் மேதை தூமானி டியாபாத்தே 2006இல் வெளியிட்ட இசைத் தொகுப்பில் உள்ளது. வசனங்கள் இரண்டு: ஆல இம்ரான் 185இலும் அர்ரஹ்மான் 26இலும் உள்ள, மரணத்தையும் உலகின் நிலையாமையையும் உணர்த்துபவை. 2024இல் காலமான அக்கலைஞர் தம்மை முஸ்லிம் என்றே பெருமையுடன் சொல்லிக்கொண்டவர். மறைமொழியை இசையில் ஏற்றுவது தம் சமுதாயத்து வழக்கமே என்று அப்போது விளக்கமும் தந்தார்.

இங்கே ஓசை அனாதை அன்று. பாடியவர் சொல்லின் பொருளறிந்து பாடியது. அரபு அணியிலக்கணத்தார் இதனை ‘இக்திபாஸ்’ என்பர். இமாம் சுயூத்தி தம் ‘அல்-இத்கானில்’ இதைப் பேசும்போது, மாலிக்கி மத்ஹபினர் இதனை விலக்கினர் என்பதைக் குறிக்கிறார். மாலி நாட்டினரோ மாலிக்கிகள்! அக்கலைஞரின் வாதத்துக்கு அவருடைய மத்ஹபிலேயே மறுப்பு இருந்தது. ஆயினும் அதே இடத்தில் இப்னு ஹிஜ்ஜாவின் பாகுபாட்டையும் சுயூத்தி எடுத்துக்காட்டுகிறார். உபதேசத்திலும் சொற்பொழிவிலும் வரும் இக்திபாஸ் ஏற்கத்தக்கது. கதையிலும் மடலிலும் வருவது ஆகுமானது. இறைவன் தனக்கே உரியதாகச் சொன்னதைப் பிறர் தமக்கு ஆக்கிக்கொள்வதும், கேலி விளையாட்டில் வசனத்தை வைப்பதும் தள்ளத்தக்கவை.

நிலையாமையை நினைவூட்டும் பாட்டில் அவ்வசனங்கள் முதல் வகையைச் சேரும். துணிப்பொம்மை குதித்தோடும் விளையாட்டின் பின்னணியில் அதே பாட்டை ஒலிக்க விட்டால், ஓர் எழுத்தும் மாறாமலே அது கடைசி வகைக்குப் போய்விடுகிறது. தவறு பாட்டில் இல்லை, பாட்டை வைத்த இடத்தில். சுட்டிக்காட்டியவரைக் குறுகிய மனத்தவர் என்று இகழ்வதும் சரியன்று. பாடியவரைப் பாவி என்பதும் சரியன்று. அப்பாட்டு தன் தொகுப்பில் முழுமையாக இருக்கிறது. அதைக் கேட்க விரும்புகிறவருக்கு அங்கே தடையேதும் இல்லை. விளையாட்டுக்குள் மீட்டு வைப்பதனால் பாட்டுக்கு ஆகும் நன்மை எதுவும் எனக்குப் புலப்படவில்லை.

மாணவர் கேட்டார்: “அப்படியானால் தீக்கோயில் ஓசையை அழித்துவிட வேண்டுமா ஹஜ்ரத்?” கூடாது என்றேன். மூன்று பதிப்புகளையும் அவற்றின் நாட்களையும் அப்படியே வைத்திருக்க வேண்டும். அவை இருந்ததனால்தானே பழி தீர்ந்தது. பாடபேதத்தை அடிக்குறிப்பில் தருவது பதிப்பாசிரியன் கடமை. அதை எடுத்துப் பாட்டின் நடுவே பாடுவது வேறு வேலை. அவர் சற்று யோசித்து, விளையாடும் பிரதியில் பொருத்தியிருந்ததை நீக்கி, அந்த ஒலிக்கோப்பைத் தனியே வைத்தார். அதற்கு ஒரு குறிப்பும் எழுதினார்: பதிப்பு, முடித்த நாள், ஒலிக்கும் இடம். ஓதியவர் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று என்னைக் கேட்டார். வெற்றிடமாக விடச் சொன்னேன்.