பக்கத்தில் அடித்த ஆணி

விம்கோ நகருக்குப் பெயர் தந்த தீப்பெட்டி ஆலையில் வேலை பார்த்து மறைந்தவர்களைப் பற்றி ஒரு சின்ன நினைவு மலர். ஆளுக்கு ஒரு பக்கம், மூலையில் படம், பக்கத்தில் நாலு பத்தி. லிப்ரே ஆபிஸ் ரைட்டரில் நான்தான் பக்கம் கட்டினேன். புரூஃப் பார்த்து முடித்த பிறகு ஒரு வாழ்த்துரை வந்தது. (எந்த ஊர் மலரானாலும் வாழ்த்துரை கடைசியில்தான் வரும், ஆனால் முதலில் போடணும்.) முன்னால் ஒரு பக்கம் சேர்த்து, பிடிஎஃப் எடுத்து, திரும்பிக்கூடப் பார்க்காமல் அச்சுக்கு அனுப்பிவிட்டேன்.

வெளியீட்டு அன்று திருவொற்றியூரில் ஒரு அம்மா மலரைப் புரட்டிவிட்டு என்னிடம் வந்தார். “பேரு எங்க வீட்டுக்காரருதுதான் தம்பி. போட்டோ வேற யாரோ.”

எழுத்தெல்லாம் ஒரு பக்கம் தள்ளிப் போயிருந்தது; படங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. எல்லாப் பெயருக்கும் அடுத்தவர் படம். கடைசி ஆளுக்குப் படமே இல்லை. வாழ்த்துரைப் பக்கத்திலோ மறைந்தவர் ஒருவர் சிரித்துக்கொண்டிருந்தார். வாழ்த்துரை தந்தவர் நல்லவேளை அன்று வரவில்லை.

தப்பு என்னுடையதுதான். ஆனால் அந்த வசதியைப் பற்றியும் கொஞ்சம் சொல்லணும். ரைட்டரில் ஒரு ஃபிரேமையோ படத்தையோ பத்தியோடு கட்டலாம், ஒரு எழுத்தோடு கட்டலாம், எழுத்தாகவே வரிக்குள் வைக்கலாம், இல்லாவிட்டால் பக்கத்தோடு கட்டலாம். நான் தேர்ந்தெடுத்தது கடைசி வகை. இழுத்து வைத்த இடத்தில் ஆடாமல் நிற்குதே என்கிற சந்தோஷம். ஓடிடி கோப்பு என்பது ஒரு ஜிப். பிரித்து உள்ளேயிருக்கும் எக்ஸ்எம்எல்லைப் பார்த்தால் விஷயம் புரியும்: அந்தப் படத்துக்கு எழுதியிருப்பது வெறும் ஒரு பக்க எண். யாருடைய படம், எந்தப் பத்தியைச் சேர்ந்தது என்பது அங்கே இல்லை.

இதற்கு ‘நங்கூரம்’ என்று பெயர் வைத்ததுதான் எனக்கு வேடிக்கை. காசிமேட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், நங்கூரத்தில் கயிறு கட்டியிருக்கும், மறுமுனையில் படகு இருக்கும். இங்கே கயிறே இல்லை. ஆணி என்று சொல்லலாம்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்றால், நம்ம டிடிபி கடைகளிலிருந்துதான் என்பேன். 1985இல் ஆல்டஸ் வெளியிட்ட பேஜ்மேக்கரில் பக்கம்தான் நிலம், எழுத்து அதில் குடியிருக்கும். எட்டாம் பக்கம் என்றால் எட்டாம் பக்கம்தான். அங்கே அது சரி. வேர்டு பிராசஸரில் கதை தலைகீழ்: எழுத்து ஓடி முடிந்த பிறகு பிறப்பதே பக்கம். எழுத்துருவை மாற்றினால் போதும், தமிழில் வரி உயரமும் அகலமும் மாறி, பக்கம் எங்கேயோ போய் முடியும். அப்படி நிலையில்லாத ஒன்றில் ஆணி அடிக்கச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

மைக்ரோசாஃப்ட் வேர்டில் இந்த வகையே கிடையாது. பக்கத்தில் இடத்தை நிலைநிறுத்து என்று சொன்னாலும் படம் ஏதோ ஒரு பத்தியோடுதான் கட்டப்பட்டிருக்கும். அந்தப் பத்தி அடுத்த பக்கத்துக்குப் போனால் படமும் கூடப் போகும். வேர்டில் படம் நகர்ந்து எரிச்சல்படுத்தாத ஆளே இல்லை; இருந்தாலும் இந்த ஒரு விஷயத்தில் அதன் பிடிவாதம்தான் நியாயம். ஒற்றைப் பக்க நோட்டீஸ், அட்டைப்படம் மாதிரி பக்கமே சரக்காக இருக்கும் இடத்தில் ரைட்டரின் முறை உதவும், மறுக்கவில்லை.

மறுஅச்சுக்கு ஆளுக்கொரு அட்டவணை போட்டேன். ஒரு கட்டத்தில் படம், எழுத்தாகவே வைத்தது. அடுத்த கட்டத்தில் பெயரும் பத்திகளும். வரிசை பக்கம் தாண்டி உடையக் கூடாது என்று அணைத்தும் வைத்தேன். பிறகு வேண்டுமென்றே முன்னால் ஒரு வெற்றுப் பக்கம் சேர்த்துப் பார்த்தேன். பேரும் படமும் சேர்ந்தே நகர்ந்தன. இந்த முறை எல்லாப் பக்கத்தையும் ஒன்றொன்றாகத் திறந்து பார்த்துவிட்டுத்தான் பிடிஎஃப் அனுப்பினேன். அந்த அம்மாவுக்கு முதல் பிரதியை வீட்டிலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன்.